ஃபுல் டேங்க்

'டிங்' என்று மணி அடித்தது. பெட்ரோல் பங்க்கை விட்டு வண்டி நூறடிகூட நகரவில்லை. அதற்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் எஞ்சின் விளக்கு முளைத்துவிட்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. பெட்ரோல் போட்டால் எரியும். நாலைந்து நாளில் தானாக அணையும். மறுபடி போட்டால் மறுபடி எரியும்.

"நான் ஓட்டின பஸ்ல எரிய வேண்டிய விளக்கே எரியாது. இது என்னடான்னா வேண்டாதப்ப எரியுது," என்றார் அப்பா, கியரை மாற்றியபடி.

பக்கத்து சீட்டிலிருந்த அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் காலையும் மாலையும் பள்ளிக்கு ஏற்றிப்போய் இறக்குவது இந்த வண்டிதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு விடிகாலை வேலை. கணவன் வெளியூரில். அப்பா ஸ்டியரிங் பிடிப்பதால்தான் வீடு ஓடுகிறது. முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஊரின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. விடுமுறை நாளாகப் போயிற்று, இன்று இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று வண்டியை நேரே மெக்கானிக் ஷெட்டுக்கு விடச் சொன்னாள்.

மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பார். ஸ்டியரிங்குக்கு அடியில் கருவியைச் செருகி, அதன் சின்னத் திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். பெட்ரோல் மூடியைத் திருகி எடுத்து, அதன் ரப்பர் வளையத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். விரிசல் இல்லை. வண்டியை லிஃப்டில் தூக்கி, டேங்குக்குப் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றித் தட்டில் கவிழ்த்தார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்தது. 'உச்' கொட்டினார்.

டேங்க்கிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்துவைக்கிற கரிப்பெட்டியாம் அது. ஆவி வரலாம், பெட்ரோல் வரக்கூடாது. பங்க்கில் பைப் 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேலும் அழுத்தினால் மிச்சமெல்லாம் இந்தப் பெட்டிக்குத்தான் போகும்.

"வயிறு நிறைஞ்ச பிறகும் ஊட்டினா மனுஷனுக்கே புரையேறும். வண்டி என்ன பண்ணும் பாவம்? யாரு பெட்ரோல் போடுறது?"

அவள் வாசலைப் பார்த்தாள். கழற்றிப்போட்ட பழைய கார் சீட்டில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பஸ்ஸில் உட்கார்வது போலவே.

கொஞ்ச நேரத்துக்கு முன் பங்க்கில் நடந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நேற்றுத்தானே ஐயா ஃபுல் பண்ணினீங்க என்று பங்க் ஆள் கேட்டது காதில் விழுந்தது. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு கேட்கிறான் என்று விட்டுவிட்டாள். பைப் போட்ட வேகத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அப்பா கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். கதவோரம் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முன் ஆயில் மாற்றியபோது அவரே கிலோமீட்டர் எழுதி ஒட்டியது. "அதுக்கப்புறம் ரெண்டாயிரத்துச் சொச்சம் ஓடியிருக்கு. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர்ங்கிறீங்க. எப்படிக் கூட்டினாலும் ஆயிரத்தைத் தாண்டாது. தங்கச்சி, வண்டி வேற எங்கேயாவது போகுதா?"

எங்கும் போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சில நாள் மகள் வீட்டுக்கு வரவே இருட்டிவிடும். தாத்தா ரயில் காட்டினார், தாத்தா பெரிய பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினார் என்று குதிப்பாள். பேத்திமேல் எத்தனை பிரியம் என்று அவளும் பூரித்துப்போனாள். ரயில்வே கேட் இருப்பது பள்ளிக்கு நேர் எதிர்த்திசையில். பாலம் அதையும் தாண்டி.

பெட்டியைக் காயவைத்தால் விளக்கு அணைந்துவிடும், பெரியவரிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். வாசலுக்கு இருபதடி இருக்கும். அந்த இருபதடிக்குள், இனி வண்டிச் சாவி யாரிடம் இருப்பது, திங்கட்கிழமை குழந்தையை யார் கூட்டிப்போவது, ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டு அப்பாவை எங்கே உட்காரவைப்பது என்று மனம் எங்கெங்கோ ஓடியது. மறந்துட்டேன்மா என்று சொல்லப்போகிறார். அதைக் கேட்டு அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அப்பா, நேத்து ஃபுல் பண்ணின வண்டிக்கு இன்னைக்கு எதுக்குப்பா பெட்ரோல்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். லிஃப்டில் தொங்கிய வண்டியின் சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்று நின்றது.

"திரும்பி வர்ற வழி சில நாள் பிடிபட மாட்டேங்குதும்மா. பிள்ளையை வச்சுக்கிட்டு சுத்துறப்போ பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டுல நின்னுடக் கூடாதுல்ல."