பச்சைக் குடம் நடந்து போன வழி

வாருங்கள், வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். குடிநீர் அலுவலகப் பொறியாளரின் வீட்டு வாசலில் தொடங்கும் வரிசையில் முதலாவதாக ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் நிற்கிறது. அதற்கு உரியவள் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதை யாரும் தூக்கி வந்து அங்கே வைக்கவில்லை. அது நடந்து வந்தது. அதன் கழுத்தில் விழுந்த விரிசலை, அவள் கரண்டிக் காம்பை அடுப்பில் காய்ச்சி, அதைக் கொண்டு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தாள். அந்தத் தழும்பைக் காட்டினால் அது யார் குடம் என்று அவள் தெருவில் பால் மறக்காத பிள்ளையும் சொல்லும்.

தையற்கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் ஒருத்தியின் அக்கா அவள். அக்காவின் புருஷன் பிழைக்கப் போன ஊரிலேயே தங்கிவிட்டான். அக்கா, தங்கை, அக்காவின் மூன்று வயது மகள், மூவருக்கும் ஓர் அறை. தெருமுனைக் குழாயில் தண்ணீர் வரும், சாக்கடையையும் கூட்டிக்கொண்டு வரும்; அதைக் குடித்த பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டவில்லை. குடிக்கத் தக்க நீர் லாரியில்தான் வர வேண்டும். ஆகவே சம்பாதிப்பது தங்கையின் வேலை, நிற்பது அக்காவின் வேலை என்று குடும்பம் பிரித்துக்கொண்டது. நிற்பதும் ஒரு வேலைதான்! கூலி இல்லை, விடுப்பு இல்லை, செய்து முடித்தோம் என்ற நிம்மதியும் இல்லை. ஒருநாள் விடியலிலிருந்து உச்சிவெயில் வரை அக்கா நின்றாள். லாரி அன்று பொறியாளர் வீட்டுப் புல்தரைக்கு நீர் ஊற்றப் போயிருந்தது. அவள் குடத்தருகே உட்கார்ந்தாள், பிறகு எழவில்லை. வெயிலே காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வெயிலை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தெருவில் ஒரு சட்டம் உண்டு. குடம் நின்றால் ஆள் நின்றதாக அர்த்தம். அடுத்தவர் குடத்தைத் தொடுபவளுக்கு அன்று தண்ணீர் கிடையாது. ஆகவே அக்காவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் குடத்தைத் தொடவில்லை. மறுநாள் லாரி வந்தபோது வரிசை நகர்ந்தது; பச்சைக் குடமும் தானாக நகர்ந்து லாரியின் குழாயடியில் வாயைக் காட்டிக்கொண்டு நின்றது.

"யாரு குடம்மா இது?" என்றார் லாரிக்காரர்.

"நேத்து செத்துப்போனாங்களே, அவங்களோடது."

"அப்போ எடுத்து ஓரமா வைங்க."

"எப்படிண்ணே எடுக்கிறது? வரிசையில நிக்கிறாங்கல்ல!"

அதில் தவறு எதுவும் லாரிக்காரருக்குத் தென்படவில்லை, நிரப்பினார். மழைக்காலம் வருவதற்குள் மற்றக் குடங்களும் நகரப் பழகிவிட்டன. பெண்கள் குழந்தைக்குத் தலை வாரினார்கள், வேலைக்குப் போனார்கள், பகலில் தூங்கவும் தூங்கினார்கள். பொறியாளர் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்து மனம் மகிழ்ந்தார். அந்தத் தெருவில் தண்ணீருக்காக மனிதர் எவரும் காத்திருக்கவில்லை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். நல்ல குழாய் கேட்டுத் தெரு கொடுத்திருந்த மனு அதோடு மூடப்பட்டது. குடங்களுக்குத் தாகம் இராது என்று லாரியும் வாரம் ஒருமுறையாகச் சுருங்கியது.

அப்படி ஒரு வாரம் லாரி வரவே இல்லை. தங்கை வேலைக்குப் போயிருந்த வேளையில் அக்காவின் மகள் தெருமுனைக் குழாயைத் திறந்து வயிறு முட்டக் குடித்தாள். பொழுது சாய்வதற்குள் வாந்தியிலும் பேதியிலும் துவண்டாள், கண்கள் குழிக்குள் போய்விட்டன. மருந்தகத்துச் செவிலி உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"நல்ல தண்ணியில கலந்து, கொஞ்சம் கொஞ்சமா குடு."

"நல்ல தண்ணிக்கு நான் எங்க போறது சிஸ்டர்?"

"அதை என்னைக் கேட்டா? பொட்டலம்தான் எங்கிட்ட இருக்கு."

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வரிசைக்கு வந்தாள். பச்சைக் குடத்தின் முன் நின்று, "அக்கா, இங்க நின்னது போதும். உன் பொண்ணு கெடக்குற கெடப்பைப் பாரு. தண்ணி வராதுன்னா, இருக்கிற இடத்துக்கு நீ போ!" என்றாள்.

குடம் திரும்பியது. ஒருநாளும் வரிசையை விட்டு விலகாதது, விலகி நடந்தது, மற்றவை பின்தொடர்ந்தன. கடைத்தெருவில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி வண்டிகளை நிறுத்தி அவற்றுக்கு வழிவிட்டார். பொறியாளர் வீட்டில் ரப்பர் குழாய் புல்தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. "இங்கெல்லாம் வரிசை கட்டக்கூடாது" என்று காவலாளி குடங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு பின்னால் நின்றவளையும் அவள் தோளில் கிடந்ததையும் பார்த்தார். "கதவு தாண்டி வராதம்மா, நானே ஊத்துறேன்" என்று ரப்பர் குழாயை இழுத்து வந்து பச்சைக் குடத்தில் விட்டார்.

குழந்தை பிழைத்தது. பொது நீரைப் பொதுமக்களுக்குக் கொடுத்த குற்றத்துக்காகக் காவலாளியின் வேலை போயிற்று. காவல்துறை குடங்களை வண்டியில் ஏற்றி லாக்கப்பில் அடைத்தது; விடிந்ததும் அவை அதே வாசலில் அதே வரிசையில் நின்றன. அதற்கும் மேல் ஒன்றும் செய்ய இயலாததால் அவற்றுக்கு நிழற்கூரை போட்டு, நாடா வெட்டித் திறந்துவைத்தார்கள். விருந்தினர்கள் குடங்களைச் சுற்றி நடந்து உள்ளே போகிறார்கள். புல்லுக்கு ஊற்றியது போக லாரியில் மிச்சம் இருந்தால் அங்கேயே நிரப்புகிறார்கள். இல்லாத நாளில் குடங்கள் நிற்கின்றன. காவலாளி இப்போது அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார். வரிசையின் கடைசியில் நிற்கும் வெள்ளைக் குடம் அவருடையது.

கடைசி என்றேன், அது நேற்றைய நிலவரம். வாசல் போதாமல் வரிசை அடுத்த தெருவுக்கும் அதற்கடுத்த தெருவுக்கும் வளைந்துவிட்டது. நாளைக் காலையில் உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஒரு குடம் நிற்கலாம். ஓரமாக நகர்த்தாதீர்கள், அது ஆள். ஒரு சொம்பு ஊற்றிப் புண்ணியம் தேடிக்கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். நிறைய ஊற்றுங்கள், ஊற்றிவிட்டு உங்கள் வீட்டுக் குடத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவுக்குக் குழாய் வரும்வரை அந்த வாசலில் வந்து நில்லுங்கள். பச்சைக் குடம் தன் பக்கத்தில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது.