பிழைக்கு முன் ஒன்றரை மணி நேரம்

கடிதம் மேசையில் இருந்தது. மலையாளத்தில் முதலாளி அடித்து வைத்த நான்கு வரி. மிளகு, ஏலக்காய் ஆர்டர் வாங்கும் இணையதளம் மூன்று வாரமாக நின்று நின்று போவதற்குத் தான் எழுதிய ஸ்க்ரிப்டே காரணம் என்று ஒப்புக்கொண்டு அமுதவள்ளி வேலையை விட்டு விலகுகிறாள். கையெழுத்துக் கோடு மட்டும் காலி.

"வாசிச்சாச்சோல்லியோ?" என்றார் வெங்கிடேஸ்வரன். கொச்சங்காடியில் மூன்று சரக்குக் கிட்டங்கிகளுக்கு முதலாளி. "சந்தீப் கம்பெனி எல்லாத்தையும் புதுசா எழுதப் போறது. பழைய பழி நமக்கெதுக்கு?"

"நமக்கில்ல சார். எனக்கு."

சந்தீப் அவருடைய அக்கா மகன். காக்கநாட்டில் கம்பெனி வைத்திருக்கிறான். சர்வர் அவன் பொறுப்பு, கடவுச்சொல்லும் அவனிடம் மட்டும்தான். ஸ்க்ரிப்ட் அவள் பொறுப்பு. ஆறு வருடமாகப் பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் வந்து அதை எழுதித் திருத்தியவள் அவள். இந்தக் கடிதத்தோடு இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது.

தளம் நாளுக்கு ஒருமுறை வெள்ளையாகப் போகும். பிழை 500 என்று காட்டும். ஐந்து நிமிடத்தில் தானாக எழுந்துவிடும். ஸ்க்ரிப்டை அவள் இரண்டு முறை வரிவரியாகப் படித்துவிட்டாள். ஓட்டை இல்லை. பிழை வந்த நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாள். கிழமைக்கு ஒரு நேரம். திங்கள் ஒன்பது, செவ்வாய் நாலரை, வெள்ளி பன்னிரண்டு. வாரம் ஒருமுறை தானாக ஓடும் வேலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. சர்வர் அமைப்பைக் காட்டச் சொல்லி சந்தீப்பிடம் மூன்று முறை கேட்டாள். அவன் காட்டவில்லை.

"என் பக்கம் எல்லாம் க்ளீனாக்கும்," என்றான் இப்போதும், மாமாவின் பக்கத்து நாற்காலியிலிருந்து. "பேய் மாதிரி வந்துட்டுப் போறது உன் ஸ்க்ரிப்ட்தான்."

"பேய்னா அது உங்க சர்வர்லதான் குடியிருக்கு."

"மாமா, இவ பேச்சைக் கேட்டேளா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்கோ." வெங்கிடேஸ்வரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்குள்ள போட்டுடும்மா. அப்பறம் ராகு காலம். ஒண்ணரை வரைக்கும் நான் ஒரு காயிதத்தைத் தொடமாட்டேன்."

அமுதவள்ளி தன் தாளைப் பார்த்தாள். இன்று புதன். தாளில் புதனுக்கு ஒன்றரை.

"சார், செவ்வாக்கிழமை ராகு எப்ப முடியும்?"

"நாலரை."

"வெள்ளி?"

"பன்னெண்டு. எதுக்குக் கேக்கறே?"

அவள் வீட்டில் யாருக்கும் அந்தக் கணக்குத் தெரியாது. அப்பா சுடலைமணி மூட்டை தூக்குகிறவர். லாரி வந்த நேரம்தான் அவருக்கு நேரம்.

அவள் தளத்தின் லாக் பதிவேட்டைத் திறந்தாள். இத்தனை நாளும் பிழை வரிகளை மட்டும் படித்திருந்தாள். இப்போது அதற்கு மேலே போனாள். ஒவ்வொரு பிழைக்கு முன்னும் ஒன்றரை மணி நேரம் அநேகமாக ஒன்றுமே இல்லை. யாரும் ஆர்டர் போடவில்லை. மூன்று வாரமாக அது அவள் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

போனை ஸ்பீக்கரில் போட்டு விருதுநகர் வியாபாரி நல்லசிவத்தை அழைத்தாள்.

"அண்ணாச்சி, நேத்து எப்ப ஆர்டர் போட்டீங்க?"

"எங்க போட? நாலரைக்கு அமுக்குனேன், ஒங்க சைட்டு படுத்துட்டு."

"நாலு மணிக்கே போட்டிருக்கலாம்லா?"

"ராகுலயா? ஏ தாயி, எவன் போடுவான்? முடிஞ்ச நிமிசம் அத்தனை பேரும் அமுக்குவான். பிந்துனா சரக்கு போயிரும்லா?"

அவள் போனை வைத்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பேனாவைக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"ராகு வந்துருச்சு சார். இப்ப போட்டா ஒங்களுக்குத்தான் ஆகாது. ஒண்ணரைக்குப் போடுதேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுதேன். இன்னிக்கு ஒண்ணரைக்குச் சைட் விழும். எல்லாரும் இங்க நின்னு பாக்கணும்."

"மாமா, எனக்கு வேற மீட்டிங் இருக்கு," என்றான் சந்தீப்.

"உக்காருடா."

ஒன்று இருபத்தொன்பது வரை திரையில் அசைவில்லை. ஒன்றரைக்கு ஆர்டர்கள் மொத்தமாக வந்து விழுந்தன. எட்டு விநாடி. பக்கம் வெள்ளையானது. கணக்குப் பிரிவு ஸ்வர்ணலதாவின் மேசையில் இரண்டு போனும் சேர்ந்து அடித்தன.

"வந்தாச்சுடியம்மா," என்றாள் ஸ்வர்ணலதா. "இன்னிக்கு வசவை நீயே வாங்கிக்கோ."

அமுதவள்ளி திரும்பவில்லை. "சந்தீப் சார், இப்ப சர்வரைத் திறங்க."

"ஆபீஸ் போய்ப் பாத்துட்டு..."

"இங்கேயே திறடா," என்றார் வெங்கிடேஸ்வரன்.

திறந்தான். ஒரே சமயத்தில் எத்தனை ஸ்க்ரிப்ட் ஓடலாம் என்ற இடத்தில் ஆறு என்று இருந்தது. கோப்பு கடைசியாக மாறியது மூன்று வாரத்துக்கு முன்னால், அவன் பெயரில்.

"முன்ன எத்தனை இருந்துச்சு?"

"நாப்பது." அவன் மாமாவைப் பார்த்துச் சொன்னான். "மெமரி மிச்சமாகட்டும்னு குறைச்சேன். சராசரி பாத்தா ஒரு நேரத்துல மூணு பேர்தான் வரா."

"ஒருத்தனும் வராத ஒண்ணரை மணி நேரத்தையும் சேத்துல்ல சராசரி போட்டிருக்கீங்க. மொத்தமா வாரப்ப ஏழாவது ஆள் எங்க நிப்பான்?"

சந்தீப் விசைப்பலகையை இழுத்தான். ஆறை நாற்பதாக்கினான். பக்கம் எழுந்தது. தேங்கியிருந்த ஆர்டர்கள் ஏறத் தொடங்கின. போன்கள் ஓய்ந்தன.

"சரி, போனது போட்டும். அக்கா பிள்ளையாப் போயிட்டான்," என்றார் வெங்கிடேஸ்வரன். "நாளைக்கு மூணு மணிக்கும் ஒருதரம் பாத்துடு. இந்தக் காயிதத்தைக் கிழிச்சுடறேன்."

அவர் கை நீளும் முன் அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டாள்.

"கிழிக்க வேண்டாம் சார். நல்லாத்தான் எழுதியிருக்கு."

ஸ்க்ரிப்ட் என்ற சொல்லை அடித்து, மேலே சர்வர் அமைப்பு என்று எழுதினாள். தன் பெயரை அடித்து அவன் பெயரை எழுதினாள். விலகுகிறேன் என்ற வரியைத் தொடவில்லை. அது மாமாவும் மருமகனும் பேசிக்கொள்ள வேண்டியது. கடிதத்தை சந்தீப் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

"அப்பறம் பாக்கலாம்," என்றான்.

"எதுக்கு அப்பறம்? ராகுதான் முடிஞ்சாச்சே."

வெங்கிடேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பது.

சந்தீப் பேனாவை வாங்கவில்லை. அவளும் நீட்டிய கையை இறக்கவில்லை.