சலிச்சாச்சா?

மனைவி அவனை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவன் மண்ணைச் சலிக்கவே இல்லை.

ஓடையில் பொன் எடுப்பது இரண்டு பேர் செய்கிற வேலை. அவன் கரையை வெட்டிக் கொடுப்பான். அவள் வாளியின் மேல் சல்லடையை வைத்து ஆட்டுவாள். மேலே நின்ற கற்களில் பொன் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவாள். "கல்லுக்கு மாப்பிள்ளை பாக்கறியா?" என்று அவன் கேலி செய்வான். கீழே விழுந்த பொடிமண் மட்டும் மரத்தொட்டிக்குப் போகும். மெல்ல ஓடும் தண்ணீரில் மண் கரைந்து போக, அடியில் விரித்த பாயில் பொன் தங்கும்.

இப்போது அவன் கல்லும் மண்ணுமாக அள்ளிப் போட்டான். கல்லைத் தள்ளுவதற்காகத் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டான். பாயில் ஒன்றும் நிற்கவில்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு, அவர்கள் குடியிருந்த தகரக் கொட்டகையில் கேட்ட பேச்சுக்குரல் மனைவியுடையது மட்டும்தான். இப்போது மத்தியானம் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் அந்தச் சத்தமே பெரிதாகக் கேட்டது.

அன்று சகலை லாரியை மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவள் அவர் வீட்டில்தான், அக்காவோடு இருக்கிறாள்.

"பெட்டியை எடுத்துட்டு வரச் சொன்னா, சகலை. துணிமணி மொத்தத்தையும்."

அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "நான் என்ன செஞ்சேன்னாவது சொன்னாளா?"

"நல்லா கேட்டீங்க போங்க. என்னோட இருந்து சலிச்சுப் போச்சான்னு கேட்டாளாம். எப்பவோ ஆச்சுன்னீங்களாம். திரும்பிக்கூடப் பாக்காம."

பதினோரு நாளுக்கு முன் அவள் சமையலில் இருந்ததால் அவனே சலித்து முடித்திருந்தான். கரையில் வந்து நின்று அவள் ஏதோ கேட்டாள். கல்லைக் கொட்டிய சத்தத்தில் "சலிச்சாச்சா?" என்றுதான் காதில் விழுந்தது.

"மண்ணைக் கேக்கறாள்னு நெனச்சேன்," என்றான்.

சகலைக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"காதுலயும் ஒரு சல்லடை மாட்டியிருக்கீங்க போல." தன் போனை அழுத்தி நீட்டினார். "உங்க நம்பர்னா எடுக்க மாட்டா. இதுல பேசுங்க."

"அத்தான், பெட்டி கெடச்சுதா?" என்றது அவள் குரல்.

"நான்தான்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நீ மண்ணைச் சலிச்சாச்சான்னு கேட்டதா நெனச்சுட்டேன். எனக்கு எதுவும் சலிக்கல. நீ போனதுலேர்ந்து மண்ணையும் சலிக்கல."

அவனுக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் இரைந்தது.

"என்ன தண்ணி இப்படி இரையுது?" என்றாள் அவள். "அவ்வளவு வேகமாவா விட்டிருக்கீங்க? பொடியெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடுமே. கொறைங்க மொதல்ல."

அவன் போய் மடைப்பலகையை இறக்கினான். இரைச்சல் அடங்கியது.

"கொறைச்சாச்சு."

"சலிச்சுப் போடுங்க. மேல நிக்கிற கல்லைக் கொட்டிடாதீங்க. நான் பாக்கணும்."

"எப்ப வருவே?"

அவள் வைத்துவிட்டிருந்தாள்.

சகலை வெறுங்கையோடு மேடேறினார். லாரிச் சத்தம் தேய்ந்த பின் அவன் வாளியையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தான். பொழுது சாய்வதற்குள் அவள் உட்காரும் பாறையருகே கற்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டன. ஒன்றைக்கூட அவன் கொட்டவில்லை.