அனுமதி வாங்காத ரோமானியர்கள்

விதர்பி கிராமத் தொடக்கப் பள்ளிக்கு ரோமானியர்கள் புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். கடைசி ரோமானியக் கொத்தனார் செத்து ஆயிரத்து அறுநூறு வருடம் ஆன பிறகு, ஒரே பருவத்துக்குள், கூலி கேட்காமல், மாவட்டக் கவுன்சிலிடம் அனுமதியும் வாங்காமல் கட்டிக் கொடுத்தார்கள். நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். பேருந்து செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரும். அதையும் அப்படி ஆக்கி வைத்தது கவுன்சில்தான்.

முன்னே இருந்த கட்டடம் ஐம்பதுகளின் கடைசியில் கவுன்சில் கட்டிய கான்கிரீட் பெட்டி. மழை ஓயாத நாட்டில் தட்டைக் கூரை வைத்துக் கட்டிய புத்திசாலியை என்ன செய்வது? வெளியே மழை விட்ட பிறகும் மூன்றாம் வகுப்பில் இரண்டு நாள் பெய்துகொண்டிருக்கும். அந்த வகுப்பில் ஒரு தடவை மீன்கொத்தி கூடு கட்டியது. கொதிகலன் செத்த குளிர்காலத்தில் கடல் பக்கக் காற்று ஜன்னல் இடுக்கு வழியாக வந்து பிள்ளைகளின் கையைப் பென்சிலோடு சேர்த்து உறைய வைத்துவிடும். ஆசிரியைகள் ஊதி ஊதி விரல்களைப் பிரித்து விடுவார்கள். தலைமையாசிரியை மிஸஸ் பென்டெலோ கவுன்சிலுக்கு எழுதாத வாரம் கிடையாது. பதிலுக்கு அவர்கள் ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள்: குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளவும். அதற்கு மறுவருடமே, கட்டடம் பிள்ளைகளுக்கு லாயக்கில்லை, ஆகவே அடுத்த கோடையோடு பள்ளியை மூடிவிட்டு நிலத்தை வீடு கட்ட விற்கப்போகிறோம், பிள்ளைகள் ஸ்டார்ன்பி ஊருக்குப் போய்ப் படிக்கட்டும் என்று அறிவித்தார்கள். தானே பாழாகவிட்டு, பாழாகிவிட்டது என்று தானே பூட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! கடை ஏற்கெனவே போய்விட்டது. தபால் நிலையமும் போய்விட்டது. பள்ளிக்கூடமும் போனால் குழந்தை வைத்திருக்கிற ஒரு குடும்பமும் விதர்பியில் தங்காது. மாதா கோவிலும் மதுக்கடையும் அவற்றுக்கிடையே போய்வரும் கிழங்களும்தான் மிஞ்சும்.

நிலத்தை விற்பதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நாட்டு விதி. இலையுதிர் காலத்தில் தொல்லியல்காரர்கள் வந்து விளையாட்டு மைதானத்தில் பள்ளம் எடுத்தார்கள். கான்கிரீட்டுக்குக் கீழே முழங்கால் உயரச் சுவர்கள், சூடான காற்று ஓடுவதற்காகத் தரையைத் தாங்கி நின்ற செங்கல் குட்டித் தூண்கள், சிவப்பு ஓட்டுத் துண்டுகள். நடுத்தர வசதியுள்ள ரோமானியன் ஒருவனின் வீடு என்றார்கள். தூரிகையால் துடைத்தார்கள், வரைந்தார்கள், படம் பிடித்தார்கள், 'சுமார்' என்று முடிவு கட்டினார்கள். மணலைக் கொட்டி மூடிவிட்டு விற்பனையைத் தொடரலாம் என்றது கவுன்சில். பழம்பொருளைப் பாதுகாப்பது என்றால் இங்கே அதுதான்: தேடிக் கண்டுபிடித்து, கைதட்டி, மறுபடி புதைப்பது. வெள்ளிக்கிழமை மணல் கொட்டினார்கள். திங்கட்கிழமை பார்த்தால் மணல் முழுவதும் சைக்கிள் கொட்டகை ஓரத்தில் அழகாகக் கூம்பு பிடித்து நின்றது. சுவர்கள் தரைக்கு மேல் ஒரு வரிக் கல் உயர்ந்திருந்தன. சாந்து ஈரமாக இருந்தது. தொல்லியல்காரர்களில் மூத்தவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்து, "கீழ போறதுதாங்க எங்க வேலை, மேல வர்றதுக்கு நீங்க கட்டடப் பிரிவைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு நாளுக்கு ஒரு வரி, நல்ல நாளாக இருந்தால் இரண்டு. பிள்ளைகள் வரைந்து வைத்திருந்த பாண்டிக் கட்டங்கள் வந்த இடத்தில் சுவர் மரியாதையாக வளைந்து போயிற்று. கான்கிரீட் பெட்டியின் அடியில் புகுந்து, அதைக் கிழவியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது போல மெல்லத் தூக்கி நிமிர்த்தியது. அரைப் பருவ விடுமுறை முடிந்து வந்தபோது தட்டைக் கூரைக்கு மேல் சிவப்பு ஓட்டுக் கூரை சரிந்து இறங்கியிருந்தது. சில ஓடுகளில் நாய்க்கால் தடம்கூட இருந்தது. மூன்றாம் வகுப்பில் மழை நின்றது. மீன்கொத்தி கோபித்துக்கொண்டு போய்விட்டது. நவம்பரில் யாரும் அடுப்பு மூட்டாமலே தரை சூடேறியது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுக் காலுறையோடு கணக்குப் போட்டார்கள். பள்ளிச் சமையல்காரி பெரில் துவைத்த துணிகளைத் தாழ்வாரத்தில் விரித்துக் காய வைத்தாள். அவளுடைய கஸ்டர்டு வெள்ளிக்கிழமை காய்ச்சினால் திங்கட்கிழமையும் ஆவி விட்டது. ஒரு நாள் காலையில் அவள் வைத்திருந்த சாசேஜ் தட்டு காலி. அந்த இடத்தில் ஆலிவ் காய்கள் ஒரு கும்பாவில் இருந்தன.

"திருடல, பண்டமாத்து பண்ணியிருக்காங்க," என்றாள் பெரில். "கவுன்சில்காரன் வந்தா தின்னுட்டுத் தட்டையும்ல எடுத்துட்டுப் போவான்."

ஊரில் இதை ஒப்புக்கொள்ளாதவர் ஒரே ஒருவர், வில்ஃப் ஹேர்பி. எண்பது தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் கவுன்சிலின் சாலை, கட்டட வேலைகளில் இருந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். பள்ளிக்கு எதிர் வீட்டில் இருந்துகொண்டே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் மதுக்கடைக்குப் போய், களிமண் குளிரில் உப்புகிறது, வேறொன்றுமில்லை என்று ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு தடவை சொன்னார்.

"களிமண்ணு உப்பி ஓட்டுக்கூரை போடுமாய்யா?" என்று கேட்டாள் பெரில்.

"ஈரக் களிமண்ணு என்ன வேணா பண்ணும். நீ பாத்தியா அவனுங்களை? ஒருத்தனையாவது பாத்தியா?"

பார்க்கவில்லைதான். யாரும் பார்க்கவில்லை.

டிசம்பரில் கவுன்சில் விழித்துக்கொண்டது. முப்பது வருடம் ஒழுகிய கூரைக்கு ஒரு வாளி அனுப்பாதவர்கள், ஒழுகாத கூரையைப் பார்த்தவுடன் ஆள் அனுப்பினார்கள். கட்டட அனுமதிப் பிரிவு அதிகாரி மிஸ்டர் ஸ்கெல்டன் பள்ளி வாசல் விளக்குக் கம்பத்தில் மஞ்சள் அறிவிப்பைக் கட்டினார். அனுமதியில்லாத கட்டுமானம், ஓட்டின் நிறம் அக்கம்பக்கத்துக்குப் பொருந்தவில்லை, கட்டியவர் ஒரு மாதத்துக்குள் இடித்துத் தள்ள வேண்டும். கட்டியவர் பெயர் என்ற இடத்தில் 'ரோமானியர், முகவரி தெரியாது' என்று எழுதியிருந்தது. மிஸஸ் பென்டெலோ பொறுமையாகப் படித்து முடித்தார்.

"இதை இடிச்சுட்டா என் பிள்ளைங்க எங்க உக்காரும், மிஸ்டர் ஸ்கெல்டன்?"

"பழைய கட்டடத்துலதான், மேடம்."

"அது லாயக்கில்லைன்னு நீங்கதானே எழுதினீங்க."

"ஆமா மேடம். அதனாலதான் மூடறோம்."

அவர் கேலி செய்யவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். அதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். அன்று மாலை பெரிலும் நாங்களும் இன்னும் பாதி ஊரும் பள்ளிக்கூடத்தில் கூடினோம். யாருக்கும் சட்டப் புத்தகம் தேவைப்படவில்லை. விதர்பியில் ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் அனுமதி வாங்காத ஏதோ ஒன்று நிற்கிறது: ஒரு கொட்டகை, கூடுதல் குளியலறை, மாமியாருக்கென்று ஒட்டுக்கட்டடம். ஆகவே பத்து வருடம் ஆட்சேபம் இல்லாமல் நின்றுவிட்டால் எந்தக் கட்டடத்தையும் தொட முடியாது என்ற விதி இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையை விட நன்றாக மனப்பாடம். இந்தச் சுவர் நிற்க ஆரம்பித்துப் பத்து வருடம் மட்டுமா ஆகிறது? அப்படியே எழுதி, மேல்முறையீடு செய்தோம். கவுன்சிலும் லேசுப்பட்டதல்ல. அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, வேண்டுமென்றே மறைத்து வைத்த கட்டடத்துக்குச் சலுகை கிடையாது, இந்த ரோமானியர் நூற்றாண்டுக் கணக்காக மண்ணுக்கு அடியில் கட்டடத்தை ஒளித்து வைத்து அதிகாரிகளை ஏமாற்றியிருக்கிறார் என்று பதில் எழுதியது. காகிதத்தில், முத்திரையோடு. யார் மறைத்தது என்பதில்தான் இனி எல்லாம் இருந்தது. ரோமானியன் மறைத்திருந்தால் பள்ளி போச்சு.

விசாரணை பிப்ரவரியில் பள்ளியின் கூடத்திலேயே நடந்தது. விசாரணை அதிகாரி அரசு அனுப்பிய ஓர் அம்மையார். உள்ளே வந்ததும் தரையின் சூட்டை உணர்ந்து, யாரும் சொல்லாமலே காலணியைக் கழற்றினார். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். மிஸ்டர் ஸ்கெல்டன் மட்டும் போட்டிருந்தார். வியர்த்து வழிந்துகொண்டே மறைப்பு, வஞ்சகம், பொதுநலன் என்று மதியம் வரை பேசினார். அவர் 'இந்தத் திட்டமிட்ட மோசடி' என்று சொல்லி வாய் மூடியபோது, சூட்டில் கூடத்தின் பிளாஸ்டிக் தரைவிரிப்பு நான்கு மூலையிலிருந்தும் வாழைப்பழத் தோல் மாதிரி சுருண்டு உரிந்தது. அதன் கீழே இருந்த கான்கிரீட் பாலில் ஆடை விலகுவது போல விலகியது. அடியில் சின்னச் சின்ன வண்ணக் கற்கள் பதித்த ரோமானியத் தரை, இப்போதுதான் கழுவி விட்டது போல.

அதில் ரோமானியர் வழக்கமாகப் பதிக்கும் டால்பின் இல்லை, திராட்சைக் கொடி இல்லை, தேவதைகள் இல்லை. தட்டைத் தொப்பி போட்ட ஐந்து ஆட்கள் ஒரு சுவரின் மேல் கான்கிரீட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் லாரி, லாரிக் கதவில் கவுன்சிலின் சின்னம், கதிர்க்கட்டும் வாத்தும், கல் கல்லாகப் பதித்து. ஐந்தாவது ஆள் இருபது வயதுப் பையன். சுவர் மேல் உட்கார்ந்து, இளஞ்சிவப்புக் கல்லில் ஹாம் இறைச்சி வைத்த ஒரு சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தான். காது இரண்டும் கதவு திறந்த மாதிரி விரிந்து நின்றன. அந்தக் காது விதர்பியில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. கூடம் முழுவதும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது.

"இது போலி," என்றார் மிஸ்டர் ஸ்கெல்டன். "யாரோ புதுசா பதிச்சது. பண்டைக் காலத்துல சாண்ட்விச்சே கிடையாது."

வில்ஃப் ஹேர்பி மெதுவாக எழுந்து வந்தார். காலுறையோடு அந்தப் படத்தைச் சுற்றி நடந்தார். குனிந்து தன் இருபது வயது முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் உயிர் வாழ்வது கவுன்சில் தரும் ஓய்வூதியத்தில் என்பது எல்லோருக்கும் தெரியும். மிஸ்டர் ஸ்கெல்டனும் அதைத் தெரிந்த பார்வையோடுதான் அவரைப் பார்த்தார். வில்ஃப் நிமிர்ந்தார்.

"தப்பா போட்டிருக்கானுங்க," என்றார்.

"பார்த்தீங்களா," என்றார் ஸ்கெல்டன்.

"அது ஹாம் இல்ல. சீஸும் ஊறுகாயும். ஹாம் வாங்க அன்னைக்கு எங்கள்ல எவன்கிட்ட வசதி இருந்துச்சு? லாரி சரியாத்தான் இருக்கு. சுவரும் சரி. முழங்கால் உயரத்துக்கு இருந்துச்சும்மா, தரையெல்லாம் கலர்க் கல்லு. நாங்க மேலாபீசுக்குச் சொன்னோம். அடிக்கல் நாட்ட மேயர் வரப்போறாரு, சாப்பாட்டு மணிக்குள்ள மூடு, டீச்சருங்க காதுல விழக்கூடாதுன்னாங்க. மூடினோம். ரோமாக்காரன் ஒளிச்சு வைக்கல. நாங்கதான் ஒளிச்சோம்."

விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். எழுத்தில் தீர்ப்பு வர வசந்தம் ஆனது. ஆனால் சாராம்சத்தை அங்கேயே சொல்லிவிட்டார்: மறைத்தவரே மறைப்பைக் குற்றமாகக் காட்ட முடியாது, கட்டடம் சட்டப்படி நிற்கிறது, நிற்கிற கட்டடம் பிள்ளைகளுக்குத் தாராளமாக லாயக்கானது. பள்ளியை மூடக் கவுன்சிலுக்கு வேறு காரணம் ஏதும் கைவசம் இல்லை. இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். மிஸஸ் பென்டெலோ உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பெரில் தேநீரும் உலர்பழ ரொட்டியும் கொண்டுவந்து மிஸ்டர் ஸ்கெல்டனுக்கும் ஒரு துண்டு வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அவருடைய காலணி அடிப்பாகம் சூட்டில் உருகித் தரையோடு ஒட்டிப்போயிருந்ததால் வேறு எங்கும் போகவும் முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் வில்ஃப் அந்தப் படத்தின் ஓரத்திலேயே நின்றார். பெரில் அவர் கையில் கோப்பையைத் திணித்தாள்.

"மூடினதை ஒத்துக்கிட்ட, சரி. எழும்பி வந்ததை எப்பய்யா ஒத்துக்கப் போற? இன்னும் களிமண்ணுதானா?"

வில்ஃப் தேநீரை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்லக் கோபம் ஏறியது, ஐந்து மாதமாக அடக்கி வைத்த கோபம்.

"முதல் வாரமே பாத்தேன், பெரில். விடிகாலைல நாயைக் கூட்டிட்டுப் போறப்ப. குட்டையா ஒருத்தன், முட்டி தெரிய அங்கி, கையில சாந்து பூசற கரணை. சுவத்தைக் காட்டி ஏதோ கேட்டான், பாஷை புரியல, ஆனா கொத்தன் கேக்கறது கொத்தனுக்குப் புரியாதா? வீட்டுக்குப் போயி மட்டம் பாக்கற என் ரசமட்டத்தை எடுத்துட்டு வந்து குடுத்தேன். நல்ல ரசமட்டம், பித்தளை. அவன் இன்னும் திருப்பித் தரல."