பின்வாங்கும் பொத்தான்

“அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாக் குழுவும் உங்க புதுத் தளத்தைத்தான் பயன்படுத்தணும்னு ஒரு மெயில் தட்டிவிட்டுடறேன். கதை முடிஞ்சுது” என்றார் மேலாளர்.

“வேணாம் சார்” என்றாள் அந்தத் தளத்தைக் கட்டிய குழுவின் தலைவி. “கட்டாயப்படுத்தினா வருவாங்க. திட்டிக்கிட்டே வருவாங்க. நம்ம ஆப்ல டிக்கெட் வாங்குறவங்களுக்கு இப்படி ஒரு மெயில் போடுவோமா? நம்ம ஆபீஸ்ல இருக்கிற மத்த குழுக்களும் நமக்கு வாடிக்கையாளருங்கதான்.”

“வாடிக்கையாளர்னா பிடிக்கலேன்னா விட்டுட்டுப் போயிடுவாங்களேம்மா.”

“போயிட்டாங்களே சார்.”

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும், ஆண்டு முடிவதற்குள் தளத்தைப் பயன்படுத்த ஆள் சேராவிட்டால் அவளுடைய குழுவைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

பேருந்து டிக்கெட் விற்கும் அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு குழுவும் தான் எழுதிய நிரலைத் தனக்குத் தெரிந்த வழியில் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே தளம் என்று அவளுடைய குழு கட்டியதுதான் இது. வேகமானது, அழகானது. ஆனால் எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு குழுக்களும் போய்விட, இப்போது ஈ காக்கை வருவதில்லை. பிடிவாதமாக மறுத்தவர்களில் முதல் ஆள் பணம் செலுத்தும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பொறியாளர். எல்லோரும் அவரை மீசை என்றே கூப்பிடுவார்கள்.

அவள் நேராக அவரிடம் போனாள். “இன்னிக்குப் புது நிரலை வெளியிடுற ரிலீஸ் ஒண்ணு இருக்குல்ல? எங்க தளத்துல போடுங்க. நான் பக்கத்துல இருந்து பார்க்கிறேன். வாயே திறக்க மாட்டேன்.”

“உங்களால முடியாதே” என்றார் மீசை.

அது ஏறக்குறைய உண்மைதான். அவர் தவறான இடத்தில் அழுத்தும்போதெல்லாம் அவள் விரல் துறுதுறுத்தது. கைகளைத் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். ‘அனுமதி இல்லை’ என்று சிவப்பில் வந்தது. யாரிடம் அனுமதி கேட்பது என்று எங்கேயும் இல்லை. நிரல் எப்படி ஓடுகிறது என்று காட்டும், அவளுடைய குழு மார்தட்டிக்கொள்ளும் வண்ண வரைபடப் பக்கம் திறந்தபோது, அவர் அதைப் படிக்காமலே மூடினார். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் அவருடைய கை நின்றுவிட்டது.

“இது புட்டுக்கிச்சுன்னா பழையபடி எப்படிக் கொண்டுவர்றது?”

“ஒரு வழி இருக்கு. கொஞ்சம் சுத்து வழி.”

“மேடம், பணம் கட்டுற இடம். ஜனங்க கார்டைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க. சுத்து வழியில நான் எங்க போய்ச் சுத்துறது?” அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

வரைபடப் பக்கத்தைக் கட்டியவனை எல்லோரும் கண்ணாடி என்பார்கள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவன், குழுவிலேயே கெட்டிக்காரன். அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரே அழுத்தில் பழைய நிலைக்குப் பின்வாங்கும் பொத்தானை முதலில் செய்வோம் என்று அவள் சொன்னதும் அவன் முகம் சுண்டிப்போனது.

“அக்கா, ஒருத்தருக்குப் புரியலேங்கறதுக்காக...”

“என் பேச்சை நம்பாதே. நீயே போய்ப் பாரு.”

போனான். மூன்று குழுக்களிடம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். மூன்று இடத்திலும் அவன் பக்கத்தை யாரும் படிக்கவில்லை; எல்லோரும் கேட்டது பழையபடி திரும்பும் வழியைத்தான். பிறகு தன் பக்கத்தைத் தானே எடுத்துவிட்டுப் பொத்தான் வேலையைத் தொடங்கினான். அவள் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அது அவனுக்கு வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

பொத்தான் தயாரான பிறகு, மழை தொடங்கிய ஒரு மதியம் மீசை அவர்களுடைய தளத்தில் ரிலீஸ் போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் பணம் செலுத்துவது நின்றுபோனது. தவறு அவர் நிரலில்தான். செய்தி கேட்டு அவளும் கண்ணாடியும் மாடிப்படியில் ஓடி வந்தபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“என்னாச்சு சார்?”

“அழுத்தினேன். பழையபடி திரும்பிடுச்சு.” இடது கையால் திரையைக் காட்டினார். “அந்தப் பொத்தானை இன்னும் கொஞ்சம் பெருசா வைங்கப்பா. பயத்துல கண்ணு தெரிய மாட்டேங்குது.”

கண்ணாடி சிரிக்க நினைத்து முடியாமல், அவசரமாகத் தலையாட்டினான்.

மறுநாள் காலையில் அவர்களுடைய அறை வாசலில் இருக்கை ஒதுக்கீட்டுக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். “மீசை சார் சொன்னாரு. இதுல சேர யாரைப் பார்க்கணும்?” கண்ணாடி எழுந்து மேசையிலிருந்த தட்டையும் தம்ளரையும் ஓரமாகத் தள்ளினான். திறந்த மடிக்கணினியை ஏந்தியபடி அவர்கள் உள்ளே வர, பிடுங்கி எடுத்த சார்ஜர் வயர் ஒன்று அவர்களுக்குப் பின்னால் தரையில் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது.