ஒட்டிக்கொண்ட ஏடு

...போனது நிச்சயம், நாய் கிளம்பிப் போனதை எழுதியது கார்னியேவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வேதப் புத்தகத்தில் வரும் தோபியா என்கிற இளவட்டம் தூர தேசத்துக்குப் புறப்படுகிறான், கூடவே வழித்துணையாகத் தேவதூதன், பின்னாலேயே நாய், கானிஸ், லத்தீனில் அவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களில் அதுவும் ஒன்று, அப்பம், ஒயின், ஆண்டவர், நாய்... மற்றதெல்லாம் வெறும் எறும்பு வரிசை, அந்தப் பக்கத்து எறும்பைப் பார்த்து இந்தப் பக்கம் ஓர் எறும்பு வைக்க வேண்டும், மீசை முளைத்த நாளிலிருந்து இந்தப் பிரதி எடுக்கிற வேலைதான்... ஆனால் திரும்பி வந்ததா? கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் சொன்ன கதைப்படி அது கடைசியில் எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்து வாலை ஆட்ட வேண்டும், அதை எழுதினோமா இல்லையா, எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதப்போகிற அடுத்த தோலுக்கு ஈயக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார், கை கோட்டில், காது மட்டும் உள்மேசையில். அங்கே ஒபேர் வாத்தியார் இவர் எழுதியதை வாய்விட்டு வாசிக்கிறார், புத்தகக்கடைக்காரர் மில்லோ மூலப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கூடவே வருகிறார், ஒரு சொல் குறைந்தாலும் விரல் நின்றுவிடும். விரல் நிற்கட்டும், அப்புறம் இருக்கிறது.

எல்லாம் அந்த மழை செய்த வேலை. சேன் ஆறு படிக்கட்டை நக்கிக்கொண்டிருந்த வாரம், சுவரெல்லாம் ஈரம், இவர் எழுதியதைப் போலவே மூலப் புத்தகமும் உள்ளங்கை அகலம்தான், அதன் ஏடுகளும் வெங்காயத் தோல்தான், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயால் ஊதிப் பிரித்தால்தான் பிரிந்தன. தோபியாவின் கல்யாணம் நடக்கும் இடத்தில் ஓர் ஏட்டைத் திருப்பும்போது விரலுக்குக் கொஞ்சம் தடிமனாகத் தட்டியது... தட்டியதா, இல்லை இப்போது அப்படித் தோன்றுகிறதா? இரண்டு ஏட்டை ஒன்றாகத் திருப்பியிருந்தால் நடுவில் இரண்டு பக்கம் போச்சு, நாய் அதற்குள்தான் இருக்கும். எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால் எழுதி முடித்த கையோடு மில்லோ எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார், யாரையும் நம்பாத மனுஷன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. போன புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போனதற்கே என்ன பேச்சு பேசினார், 'இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா ஜன்னலோரம் வேற ஆளு உக்காருவான் பெருசு, நீ கோயில் வாசல்ல மெழுகுவத்தி வித்துக்க.' வேறு ஆளாம். ஜன்னலை விட்டால் வெளிச்சம் ஏது, வெளிச்சத்தை விட்டால் இந்தக் கண் எதற்கு ஆகும், இந்தப் பேன் முட்டை எழுத்தை எழுதுவதற்கென்றே ஆண்டவர் மிச்சம் வைத்திருக்கும் கண் இது. அதோடு போகுமா, எதிரே மகள் பெரோனெல் உட்கார்ந்திருக்கிறாள், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அந்த ஏடுகளில் தங்கத் தகடு ஒட்டி, நீலம் பூசி, எழுத்துக்குள் கொடியும் பறவையும் போட்டதெல்லாம் அவள், அவளுக்கும் படிக்கத் தெரியாது, அவள் வேலையையும் சேர்த்துக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

கானிஸ். வந்துவிட்டது, போகிற நாய் வந்துவிட்டது, வாத்தியார் ஜலதோஷ மூக்கோடு வாசித்துக்கொண்டே போகிறார், இதுவரை பழுதில்லை, இது தெரிந்ததுதான். அடுத்து ஆறு, ஆற்றில் பெரிய மீன், தேவதூதன் அதன் பித்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறான், தோபியாவின் தகப்பனுடைய குருட்டுக் கண்ணுக்கு மருந்தாம். இந்த இடத்தில் மில்லோவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன பெருசு, ஒனக்கும் ஒரு மீன் பித்தம் வாங்கியாரட்டுமா? பாலத்துல கூவிக் கூவி விக்கிறான்."

"ஒம் மீன நீயே வச்சுக்க. நீ குடுத்த ஈயத்துல பாதி மண்ணு, மொதல்ல அத மாத்து."

"அப்பா, கோடு கோணுது," என்றாள் பெரோனெல், தலையை நிமிர்த்தாமல்.

கோணுகிறதுதான், காது உள்மேசையில் இருந்தால் கோணாதா... இவள் எப்படிப் பார்த்தாள், ஆத்தாளைப் போலவே உச்சந்தலையில் ஒரு கண். இப்போது கல்யாண வீடு, பெண்ணின் பெயர் சாரா, அந்தப் பெயர் காதில் விழுகிறது, திரும்பத் திரும்ப விழுகிறது, விருந்து நடக்கிறது போலிருக்கிறது, எத்தனை நாள்தான் தின்பார்கள் இவர்கள், கிளம்புங்களேன், அங்கே குருட்டுத் தகப்பன் காத்துக்கொண்டிருக்கிறான்... தடிமனாகத் தட்டியது இங்கேதான். வாத்தியார் நிறுத்துகிறார். மில்லோவின் விரல் நிற்கிறது. பார்க்கக் கூடாது, பார்த்தால் திருடன் முழிப்பது போல் இருக்கும், கோட்டைப் பார், கோட்டை... வாத்தியார் தும்மினார். தும்மிவிட்டு, அங்கியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், சாரா, மறுபடி சாரா, ஆண்டவர், ஆண்டவர், பெயர் தெரியாத எறும்புகள், எறும்புகள்... 

கானிஸ்.

சத்தியமாகச் சொன்னார், கானிஸ் என்றுதான் சொன்னார், மில்லோவின் விரல் நிற்காமல் அதைத் தாண்டி ஓடியது, ஒரு நாய் வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதானே. கார்னியே ஈயக்கட்டியைக் கீழே வைத்தார். முதுகில் இத்தனை நாள் யாரோ உட்கார்ந்திருந்து இப்போதுதான் இறங்கிப் போனது போல் இருந்தது, உடனே பசித்தது, எங்கோ பட்டாணிக் கஞ்சி கொதிக்கிற வாசனை, இது காலையிலிருந்தே வந்துகொண்டிருந்ததா, பெரிய கோயிலில் மணி அடிக்கிறது, வெயில்கூட அடிக்கிறது, மில்லோவின் வழுக்கைகூட அழகாகத்தான் இருக்கிறது இந்த வெயிலில். எழுதியிருக்கிறோம்! இவருக்குத் தெரியாமலே இவர் கை எழுதியிருக்கிறது. தோல்காரனை நம்பியதில்லை, மை விற்கிறவனை நம்பியதில்லை, மில்லோவைக் கனவிலும் நம்பியதில்லை, நம்பியது தன் ஞாபகம் ஒன்றைத்தான், கடைசியில் அந்த ஞாபகம் என்கிற நாய்தான் ஏமாற்றியிருக்கிறது. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், மை பிடித்த கிழட்டு விரல்... பரவாயில்லையே நீ.

"என்னப்பா தனியா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. ஒன் நீலம் நல்லாருக்கு."

"ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் பெரோனெல், இப்போது நிஜமாகவே தலையை நிமிர்த்தி.

வாசித்து முடித்து மில்லோ எழுந்து வந்தார், மூலப் புத்தகத்தை இவர் சாய்மேசையில் வைத்தார், "அடுத்த பாகத்தையும் ஆரம்பிச்சிரு. புஸ்தகம் கேட்ட கறுப்பு அங்கிச் சாமியாரு அடுத்த மழைக்கு முன்னாடி கெளம்பணும்ங்கறாரு, அத அங்கிக் கைக்குள்ள போட்டுக்கிட்டுத்தான் ஊர் ஊராப் போவாராம்," என்றார், அவ்வளவுதான், ஜன்னல் ஜன்னலாகவே இருந்தது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வாத்தியாரே, அந்த நாய் அப்பறம் என்ன ஆச்சு?"

"எந்த நாய் பெரியவரே?"

"இப்ப வந்துச்சே, வால ஆட்டிக்கிட்டு."

"அப்பறம் ஒண்ணுமில்ல. வந்துச்சு, அதோட சரி. அதுக்கப்பறம் நாயப் பத்திப் பேச்சே இல்ல."

"பழைய புஸ்தகத்துலயுமா?"

"அதுலயும் இல்ல," என்று சொல்லிவிட்டு வாத்தியார் மறுபடி தும்மினார்.

அதெப்படி... அவ்வளவு தூரம் நடந்து போய், நடந்து வந்த நாய், தகப்பனுக்குக் கண் தெரிந்து வீடே விருந்தில் கிடக்கும்போது ஒருத்தன்கூட ஒரு எலும்பு போடவில்லையா, தலையைத் தடவவில்லையா, போட்டிருப்பான், யாரோ போட்டிருப்பான், எழுதியும் இருந்திருக்கும். இந்தப் புத்தகத்தை எழுதியவன் இன்னொன்றைப் பார்த்து எழுதியவன், அவன் வேறொன்றைப் பார்த்து, அந்த வரிசையில் எங்கோ ஓர் ஊரில், ஒரு மழை நாளில், என்னைப் போல ஒரு கிழவன், குளிரில் விரல் மரத்து... அவனுக்கு எந்த வாத்தியார் வந்து வாசித்துப் பார்த்தார்? கார்னியே பேனாவைச் சீவினார், மையில் தோய்த்தார், தோய்த்த பேனாவைக் காயவிட்டு, மூலப் புத்தகத்தில் அடுத்த பாகத்தின் முதல் ஏட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றுதான். ஒன்று போலத்தான் இருந்தது.