சூறாவளி துவைத்த ஸ்பாஞ்ச்

மண்மேட்டில் பைக் ஓட்டும் பந்தயங்களில் அண்ணனுக்குப் பட்டப்பெயர் சூறாவளி. ஊரார் வைத்ததல்ல, அவனே வைத்துக்கொண்டது. ஜெயித்தால் அவன் கைவண்ணம். தோற்றால் தங்கச்சி பூட்டிய என்ஜின். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் என்றைக்கு நேராக இருந்திருக்கிறது?

நேற்றைய பந்தயத்தில் என்ஜின் பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. துரை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள், "எல்லாம் என் தங்கச்சி வேலை சார்!" என்று ஆரம்பித்துவிட்டான். அதுவும் யாரிடம்? பந்தயக் குழுவின் முதலாளியிடம். தன் வண்டிகள் எல்லாவற்றையும் தங்கச்சியின் மெக்கானிக் பட்டறைக்கே கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்த வேலை வராவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

காலையில் முதலாளியே அண்ணனோடு பட்டறைக்கு வந்துவிட்டார். "என் கண்ணு முன்னாடி பிரிம்மா. தப்பு யாருதுன்னு பாத்துடலாம்."

பிரித்தாள். சிலிண்டர் சுவர் முழுக்கப் பூனை பிறாண்டியது போலக் கீறல்.

"பாத்தீங்களா சார்? ஆயிலே ஒழுங்கா ஊத்தல இவ!"

ஸ்பானராலேயே ஒன்று போடலாமா என்று வந்தது அவளுக்கு. அதற்குப் பதில் ஆயிலை வடித்துக் காட்டினாள். அளவு சரியாக இருந்தது. விரலில் தேய்த்தால் நறநற என்றது.

"மண்ணு. எப்படி உள்ள போச்சு? ஏர் ஃபில்டர் யாரு பாக்கறது?" என்றார் முதலாளி.

"நான்தான் சார்!" அண்ணனுக்கு முகமெல்லாம் பல். வெள்ளைக் கையுறையோடு ஃபில்டர் ஸ்பாஞ்சை உருவி நீட்டினான். "இவள தொடவே விடமாட்டேன். சோப்புத்தூள் போட்டுத் துவைச்சு, வெயில்ல காயவெச்சு மாட்டுவேன். ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. கையில ஒட்டுதா பாருங்க!"

அட புண்ணியவானே! துவைத்த ஸ்பாஞ்சைப் பிசுபிசு எண்ணெயில் பிசைந்து, பிழிந்து மாட்டினால்தான் அது தூசியைப் பிடிக்கும். தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறாள். கை அழுக்காகுமாம் துரைக்கு.

ஃபில்டருக்குப் பின்னால் என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் துணியை விட்டுத் துடைத்தாள். துணி செம்மண்ணாக வந்தது.

"ஒட்டாதுல்ல அண்ணா? அதான் மண்ணும் ஒட்டாம நேரா உள்ள போயிருக்கு."

"ஏய், நான் உன் அண்ணன்டி," என்று பல்லைக் கடித்தான் அவன். "வெளியாள் முன்னாடியா பேசுவ?"

"நேத்து என்னைப் பத்திச் சொன்னியே, அப்போ மட்டும் அவர் வீட்டாளா?"

அண்ணன் கூரையைப் பார்த்தான். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

"வண்டியெல்லாம் நாளைக்கு இங்க வந்துடும்மா. அத்தனை ஃபில்டரும் பாக்க ஆள் இருக்கா?"

அவள் அண்ணனின் வெள்ளைக் கையுறையைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் இருக்கான் சார். துவைக்க நல்லாத் தெரியும். எண்ணெயில பிசைஞ்சு பிழிய நான் கத்துக்குடுத்துடறேன்."